செயல்முறைப் பாதுகாப்பு: வென்ஃப்ளான் (கையில் போடும் ட்ரிப்ஸ் ஊசிக்குழாய்) முதல் அறுவை சிகிச்சை வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடலுக்குள் ஊசியோ குழாயோ கத்தியோ நுழையும் எந்த வேலையிலும் சிக்கல் வரலாம். வார்டில் நெடுநாளாக இருந்துவரும் பழக்கங்களில் சில சரிதான் என்றும், சில வீண் என்றும் அண்மைக்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நர்ஸ்கள், பயிற்சி மருத்துவர்கள், நோயாளியின் கட்டிலருகே இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். இவை பொதுவான தகவல்கள். ஒரு குறிப்பிட்ட நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிக்கல் வந்துவிட்டது என்றால் யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்றுதானே பொருள்?

இல்லை. கழுத்தெலும்புக்கு (காறை எலும்புக்கு) கீழே சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தநாளத்துக்குள் போகும் நீளக் குழாய், போடும்போது கைதேர்ந்தவருக்கும் எப்போதாவது நுரையீரலில் ஊசி பட்டுவிடும். அது சிக்கல். மூச்சுத் திணறுகிறது என்று நோயாளி சொல்லியும் ஆறு மணி நேரம் யாரும் நெஞ்சைப் பார்க்கவில்லை என்றால், அது தவறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் இடத்தில், ஊழியர்கள் சிக்கலை எழுதாமல் மறைக்கத்தான் பழகுவார்கள்.

அறுவை சிகிச்சைச் சிக்கல்களை எண்ணுவதற்கு 2004-இல் வெளியான கிளாவியன்-டிண்டோ வகைப்பாடு பரவலாகப் பயன்படுகிறது. சிக்கலுக்கு என்ன பெயர் என்பதை அது பார்ப்பதில்லை. அதைச் சரிசெய்ய என்ன தேவைப்பட்டது என்பதைத்தான் பார்க்கிறது. வாந்தி மருந்து, வலி மருந்து போன்ற எளிய உதவியோடு போய்விட்டால் முதல் நிலை. வேறு மருந்தோ ரத்தமோ ஏற்ற வேண்டியிருந்தால் இரண்டாம் நிலை. மறுபடி ஒரு செயல்முறை தேவைப்பட்டால் மூன்றாம் நிலை, உயிருக்கு ஆபத்தாகி ஐ.சி.யூ. போனால் நான்காம் நிலை, மரணம் ஐந்தாம் நிலை. "20 சதவீதம் பேருக்குச் சிக்கல்" என்று எங்காவது படித்தால், அது எந்த நிலை என்று முதலில் பாருங்கள். முதல் நிலையையும் சேர்த்து எண்ணினால் எந்த மருத்துவமனையின் கணக்கும் பயமுறுத்தும்.

நல்ல மருத்துவமனையில் சிக்கலே குறைவாகத்தானே இருக்கும்?

அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் 84,730 அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து 2009-இல் வெளியான ஆய்வு வேறு மாதிரி சொன்னது. இறப்பு மிகக் குறைவாக இருந்த மருத்துவமனைகளில் சிக்கல் 26.9 சதவீதம், இறப்பு மிக அதிகமாக இருந்தவற்றில் 24.6 சதவீதம். கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் பெரிய சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்களைப் பார்த்தால், ஒரு பக்கம் 12.5 சதவீதம், மறுபக்கம் 21.4 சதவீதம். சிக்கல் எல்லா இடத்திலும் வருகிறது. அதைச் சீக்கிரம் கண்டுபிடித்து நோயாளியை மீட்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. மீட்கத் தவறுவதை இப்போது ஒரு தனி அளவுகோலாகவே எண்ணுகிறார்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

எப்படி மீட்பது? நெதர்லாந்தில் கணைய அறுவை சிகிச்சை செய்யும் 17 மையங்களில் நடந்த போர்ஷ் ஆய்வு 2022-இல் வெளியானது. அறுவைக்குப் பின் தினமும் உடல்நிலையையும் ரத்தப் பரிசோதனையையும் ஒரு குறிப்பிட்ட முறைப்படி பார்த்து, எப்போது சி.டி. எடுப்பது, எப்போது ஆன்டிபயாடிக் தொடங்குவது, டிரெய்ன் குழாயை எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே வகுத்த விதிகளின்படி நடந்தார்கள். தலையீடு தேவைப்பட்ட ரத்தக்கசிவு, உறுப்புச் செயலிழப்பு, மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 14-இலிருந்து 8 சதவீதமாகவும், 90 நாள் இறப்பு 5-இலிருந்து 3 சதவீதமாகவும் குறைந்தது.

எல்லாக் கண்காணிப்பும் இப்படிப் பலன் தந்துவிடவில்லை. ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த அசோஸ்-2 ஆய்வில் ஆபத்து அதிகமுள்ளவர்களை நர்ஸின் கண்ணில் படும் கட்டிலுக்கு மாற்றினார்கள், அடிக்கடி நாடி, ரத்த அழுத்தம் பார்த்தார்கள், குடும்பத்தாரைக் கூடவே இருக்கவிட்டார்கள். இறப்பு குறையவில்லை. எங்கள் கணிப்பில் காரணம் எளிது: அளவு மோசமாகும்போது அடுத்து யார் வருவார், என்ன செய்வார் என்பது தயாராக இல்லாத இடத்தில், எத்தனை முறை அளந்தாலும் அது சார்ட்டில் எழுதிய எண்ணாகவே நின்றுவிடும்.

அறுவை அரங்கில் செக்லிஸ்ட் உண்மையிலேயே உயிர் காக்கிறதா, வெறும் சடங்கா?

இரண்டுக்கும் சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட செக்லிஸ்ட்டில் 19 அம்சங்கள். மயக்கம் கொடுப்பதற்கு முன், தோலைக் கீறுவதற்கு முன், நோயாளி அரங்கை விட்டு வெளியேறுவதற்கு முன் என்று மூன்று இடங்களில் நிறுத்திப் படிக்க வேண்டும். எட்டு நகரங்களில் நடந்த முதல் ஆய்வில் (2009) இறப்பு 1.5-இலிருந்து 0.8 சதவீதமாகவும், சிக்கல் 11-இலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை வைத்துப் பார்த்தபோது (2014) குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை.

இந்த முரண்பாட்டுக்குப் பயன்படுத்திய விதமே காரணம் என்று பலர் கருதுகிறார்கள். எல்லோரும் கையை நிறுத்திவிட்டு, ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் வாயால் பதில் சொன்னால்தான் அது செக்லிஸ்ட். நோயாளியை அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போன பிறகு ஒரு நர்ஸ் மொத்தமாக டிக் போடும் தாள் கோப்புக்கு மட்டும்தான் உதவும். உங்கள் அரங்கில் எது நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், "ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்றா?" என்ற கேள்விக்கு மயக்க மருத்துவர் நேரத்தைச் சொல்கிறாரா, தலையை மட்டும் ஆட்டுகிறாரா என்று கவனியுங்கள்.

வென்ஃப்ளானை மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டுமா?

ஆஸ்திரேலியாவில் 3,283 பேரிடம் நடந்த ஆய்வில் (2012) மூன்றாம் நாள் மாற்றிய குழுவிலும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றிய குழுவிலும் சிரை (ரத்தநாள) அழற்சி ஒரே அளவாக, 7 சதவீதமாக இருந்தது. அதைப் பார்த்துப் பல இடங்களில் கட்டாய மாற்றத்தைக் கைவிட்டார்கள். 2021-இல் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த ஆய்வு ஒரு எச்சரிக்கை மணி அடித்தது. கட்டாய மாற்றத்தை நிறுத்திய காலத்தில் வென்ஃப்ளானால் வரும் ரத்தத்தொற்று பல மடங்கு ஏறியது. பழைய முறைக்குத் திரும்பியதும் இறங்கியது.

ஆக, ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் குத்திய இடத்தைக் கண்ணால் பார்த்துத் தொட்டுப் பார்க்க ஆள் இருந்தால், தேவைப்படும்போது மாற்றலாம். ஆள் பற்றாத வார்டில் நாள் கணக்கு வைப்பதே பாதுகாப்பு. சிவப்பு, வலி, கயிறு போல விறைத்த சிரை, வீக்கம், ஈரமான பிளாஸ்டர், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே எடுத்துவிடுங்கள். 24 மணி நேரம் பயன்படாமல் சும்மா இருந்தாலும் எடுத்துவிடுவதே நல்லது. மணிக்கட்டு, முழங்கை மடிப்பு வேண்டாம். முன்கையில் போட்டால் மடங்காமல் அதிக நாள் நிற்கும். மருந்து செலுத்தும் முன் மூடியைச் சுற்றி ஆல்கஹால் துணியால் 15 நொடி அழுத்தித் தேய்த்து, காயவிட்டுப் பிறகு இணையுங்கள்.

ட்ரிப்ஸ் வெளியே கசிந்து கை வீங்கினால் உடனே ஊசியைப் பிடுங்கலாமா?

சாதாரண சலைன் என்றால் எடுத்துவிட்டுக் கையை உயர்த்தி வைத்தால் போதும். திசுவைக் கருக்கும் மருந்து, உதாரணமாக நார்அட்ரினலின் அல்லது சில புற்றுநோய் மருந்துகள் என்றால் அவசரப்படாதீர்கள். மருந்தை நிறுத்துங்கள், டியூப்பைக் கழற்றுங்கள், வென்ஃப்ளான் உள்ளே இருக்கும்போதே சிரிஞ்ச் வைத்து எவ்வளவு வருகிறதோ அவ்வளவையும் உறிஞ்சி எடுங்கள். அதன் பிறகுதான் வென்ஃப்ளானை எடுக்க வேண்டும். வீக்கத்தை அமுக்கக் கூடாது. எல்லையைப் பேனாவால் வரைந்து, நேரத்தையும் எழுதிவைத்து, மாற்று மருந்துக்கு மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஒத்தடம் குளிர்ச்சியா வெப்பமா என்பது மருந்துக்கு மருந்து மாறும், கேட்காமல் வைக்காதீர்கள்.

சென்ட்ரல் லைன் எங்கே போடுவது பாதுகாப்பு? கழுத்தா, கழுத்தெலும்பின் கீழா, தொடையா?

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விலை உண்டு. 2015-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் மூன்றையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ரத்தத்தொற்றும் அறிகுறியோடு வரும் ரத்த உறைவும் சேர்ந்த கணக்கு, ஆயிரம் கத்தீட்டர் நாளுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் ஒரு கத்தீட்டர் நாள்) கழுத்தெலும்பின் கீழ் 1.5, கழுத்தில் 3.6, தொடையில் 4.6. ஆனால் நெஞ்சுக்குழாய் போட வேண்டிய அளவு நுரையீரல் காற்றுக்கசிவு, கழுத்தெலும்பின் கீழ் 1.5 சதவீதம், கழுத்தில் 0.5 சதவீதம். பல நாள் இருக்கப்போகும் லைன், நுரையீரல் தாங்கும் நோயாளி, பழகிய கை, மூன்றும் சேர்ந்தால் கழுத்தெலும்பின் கீழே போடலாம். மூச்சு ஏற்கெனவே மோசம் என்றால் அல்ட்ராசவுண்ட் பார்த்துக் கழுத்தில் போடுங்கள். ஓரிரு நாளுக்கு மட்டும் என்றால் தொடையும் குற்றமில்லை.

தொற்றைத் தடுக்கும் பட்டியல் பழையதுதான், ஆனால் இன்றும் அதை மிஞ்ச எதுவும் வரவில்லை: கை கழுவுதல், தலை முதல் கால் வரை மூடும் ஸ்டெரைல் துணி, குளோர்ஹெக்சிடின் (தோலில் தடவும் கிருமிநாசினி), முடிந்தவரை தொடையைத் தவிர்த்தல், தேவை முடிந்ததும் எடுத்துவிடுதல். அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஐ.சி.யூ.க்களில் இந்த ஐந்தையும் கடைப்பிடித்தபோது, ஆயிரம் கத்தீட்டர் நாளுக்கு 2.7 ஆக இருந்த தொற்று விகிதத்தின் இடைநிலை (மீடியன்) அளவு பூஜ்யமானது (2006).

போடும்போது எங்கே தவறு நடக்கிறது?

தமனிக்குள் போய்விடுவது முதல் அபாயம். ரத்தத்தின் நிறத்தை நம்பாதீர்கள். ஆக்சிஜன் குறைந்தவரின் தமனி ரத்தமும் கறுத்துத்தான் வரும், ரத்த அழுத்தம் விழுந்தவரிடம் பீய்ச்சியும் அடிக்காது. கைடுவயர் (குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி) சிரைக்குள்தான் இருக்கிறது என்று அல்ட்ராசவுண்டில் நீளவாக்கில் பார்த்த பிறகே டைலேட்டரை (வழியை அகலமாக்கும் குழலை) தொடுங்கள். ஊசி மட்டும் தமனியில் பட்டிருந்தால் எடுத்துவிட்டு அழுத்திப் பிடிக்கலாம். டைலேட்டரோ கத்தீட்டரோ உள்ளே போய்விட்டால் இழுக்கவே கூடாது. அப்படியே விட்டு ரத்தக்குழாய் அறுவை நிபுணரைக் கூப்பிடுங்கள். இழுத்தால் கழுத்தில் ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை நெரிக்கலாம், பக்கவாதமும் வரலாம்.

டைலேட்டரை முழு நீளமும் தள்ளாதீர்கள். தோலிலிருந்து சிரை வரைக்கும்தான் அதற்கு வேலை. வயரைப் பொதுவாக 20 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளினால் இதயத்தைச் சீண்டி மானிட்டரில் துடிப்பு தாறுமாறாகும். ஒரு கை எப்போதும் வயரைப் பிடித்திருக்க வேண்டும். கத்தீட்டரின் பின்வாயில் வயரின் நுனி தெரிந்து, அதைப் பிடித்துக்கொண்ட பிறகே கத்தீட்டரை உள்ளே தள்ளலாம். முடித்ததும் வயர் வெளியே வந்துவிட்டது என்று இருவர் பார்த்து எழுதுங்கள்.

எடுக்கும்போதும் ஆபத்து உண்டு, இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உட்காரவைத்துக் கழுத்து லைனை உருவினால் மூச்சை இழுக்கும் நொடியில் காற்று சிரைக்குள் போய்விடும். தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து, மூச்சை வெளியே விடும்போது உருவி, ஐந்து நிமிடமாவது அழுத்தி, காற்றுப் புகாத கட்டு போட்டு ஒரு நாள் விடுங்கள்.

பிளேட்லெட் குறைவாக இருந்தால் முதலில் ஏற்றியாக வேண்டுமா?

இதில் அண்மை விடை சென்ட்ரல் லைனுக்கு மட்டும் தெளிவு. பேசர் ஆய்வில் (2023) பிளேட்லெட் 10 ஆயிரம் முதல் 50 ஆயிரம் வரை இருந்தவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் துணையோடு லைன் போட்டார்கள். முன்கூட்டி பிளேட்லெட் ஏற்றியவர்களில் 4.8 சதவீதம் பேருக்கும், ஏற்றாதவர்களில் 11.9 சதவீதம் பேருக்கும் பொருட்படுத்தத்தக்க ரத்தக்கசிவு வந்தது. ஏற்றாமல் விடுவது சமம் என்று காட்ட முயன்ற ஆய்வு அதைக் காட்டவில்லை. கல்லீரல் சுருக்க நோயில் வயிற்று நீர் எடுப்பதற்கு இதை அப்படியே நீட்டக் கூடாது, அங்கே ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் அளவு) கூடுதல் என்பதற்காக மட்டும் பிளாஸ்மா ஏற்றத் தேவையில்லை. ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் ஆல்புமின் கொடுப்பதுதான் அங்கே முக்கியம்.

மூக்கு வழியாகப் போட்ட ரைல்ஸ் டியூப் வயிற்றில்தான் இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

காற்றை அடித்து ஸ்டெத்தில் "குளுக்" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். குழாய் நுரையீரலில் இருந்தாலும் அதே சத்தம் வயிற்றில் கேட்கும். குழாயில் வருவதை உறிஞ்சி பி.எச். தாளில் விடுங்கள், 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வயிறு. அமிலம் குறைக்கும் மருந்து சாப்பிடுபவரிடம் பி.எச். ஏறியிருக்கும், சிலரிடம் ஒன்றுமே வராது. இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்துச் சிறிது நேரம் கழித்து மறுபடி முயலுங்கள். அப்படியும் முடியாவிட்டால் எக்ஸ்ரே.

எக்ஸ்ரேயில் நான்கு இடம் பாருங்கள். குழாய் உணவுக்குழாய்ப் பாதையில் நடுவே இறங்க வேண்டும், மூச்சுக்குழாய் பிரியும் இடத்தில் கிளையைப் பின்தொடராமல் நேரே தாண்ட வேண்டும், உதரவிதானத்தை நடுவிலேயே கடக்க வேண்டும், நுனி இடது உதரவிதானத்துக்குக் கீழே இருக்க வேண்டும். உறுதியாகும் வரை தண்ணீர்கூட உள்ளே போகக் கூடாது. வாந்திக்குப் பிறகும், பலத்த இருமலுக்குப் பிறகும், ஒவ்வொரு முறை உணவு கொடுப்பதற்கு முன்பும் மூக்கருகே உள்ள அளவுக்குறியைச் சரிபாருங்கள்.

முதுகுத்தண்டில் நீர் எடுத்த பிறகு தலைவலி வராமல் இருக்க நாள் முழுக்கப் படுத்திருக்க வேண்டுமா?

வேண்டாம், படுத்திருப்பதால் தலைவலி குறைவதில்லை. ஊசியின் நுனிதான் முக்கியம். 110 ஆய்வுகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டுக் கட்டுரையில், வெட்டும் நுனி ஊசிக்குத் தலைவலி 11 சதவீதம். பென்சில் முனை போன்ற ஊசிக்கு 4.2 சதவீதம். நீர் கிடைக்காமல் போகும் வாய்ப்பு இரண்டிலும் ஒன்றுதான். ஊசியை உருவுவதற்கு முன் உள்கம்பியை மறுபடி செருகுங்கள். இதுவும் தலைவலியைக் குறைக்கிறது.

அவசரத்தில் மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடும்போது நோயாளி சரிந்துவிடுகிறாரே, தடுக்க முடியாதா?

ஓரளவு முடியும். 29 நாடுகளில் 2,964 பேரைப் பார்த்த இன்டியூப் ஆய்வில் (2021) 45.2 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பெரிய பாதிப்பு, 3.1 சதவீதம் பேருக்கு இதயம் நின்றுபோனது. அதன் பிறகு வந்த ஆய்வுகளில் இரண்டு உடனே பின்பற்றத்தக்கவை. வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் (தொண்டையைத் திரையில் காட்டும் கருவியில்) முதல் முயற்சியிலேயே குழாய் போனது 85.1 சதவீதம், சாதாரணக் கருவியில் 70.8 சதவீதம் (2023). குழாய் போடுவதற்கு முன் இறுக்கமான முகமூடியோடு அழுத்தம் தரும் இயந்திரத்தில் ஆக்சிஜன் கொடுத்தால் ரத்த ஆக்சிஜன் அளவு 85 சதவீதத்துக்குக் கீழே விழுந்தவர்கள் 9.1 சதவீதம், சாதாரண மாஸ்க்கில் 18.5 சதவீதம் (2024). முன்கூட்டியே அரை லிட்டர் சலைன் ஓட்டுவதால் பொதுவாகப் பலன் இல்லை. ரத்தம், நீர் இழந்தவருக்குத் தருவது வேறு கதை.

குழாய் சரியான இடத்தில் இருக்கிறது என்பதற்குக் கேப்னோகிராஃப் (வெளிமூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கருவி) அலைதான் சாட்சி, குறைந்தது ஏழு மூச்சுக்கு அது தொடர வேண்டும். அலை தட்டையாக இருந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை குழாய் உணவுக்குழாயில் இருக்கிறது என்றே கொள்ளுங்கள். இதயம் நின்றவரிடமும் நெஞ்சை அழுத்தும்போது சிறிதளவு அலை வரும். "சத்தம் இரண்டு பக்கமும் கேட்கிறது" என்பது பதில் ஆகாது.

அறுவைப் புண் சீழ் பிடிப்பதைத் தடுக்க அதிகச் செலவில்லாத வழி ஏதாவது?

ஒன்று இருக்கிறது. ஏழு நாடுகளில் 81 மருத்துவமனைகளில் 13,301 பேரிடம் நடந்த சீட்டா ஆய்வில் (2022), வயிற்றைத் தைப்பதற்கு முன் எல்லோரும் கையுறையை மாற்றி, புதிய ஸ்டெரைல் கருவிகளை எடுத்துக்கொண்டார்கள். தொற்று 18.9-இலிருந்து 16 சதவீதமானது. தனியாக ஒரு சிறிய தையல் செட் ஒதுக்கிவைத்தால் போதும். முடியை மழிக்காமல் கிளிப்பரால் வெட்டுங்கள். ஆல்கஹால் கலந்த மருந்தைத் தடவிய பின் குறைந்தது மூன்று நிமிடம் காயவிடுங்கள்; முதுகுக்கடியில் தேங்கிய மருந்தில் டயதெர்மி (மின்சாரத்தால் திசுவைச் சுடும் கருவி) பொறி பட்டுத் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு.

சிறுநீர் வெளியேறப் போடும் குழாயில் (கத்தீட்டரில்) எதைக் கவனிக்க வேண்டும்?

ஒவ்வொரு நாளும் "இன்று இது எதற்கு?" என்று கேட்டு, பதில் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். ஆண்களுக்குப் போடும்போது குழாயின் வெளிமுனையில் கிளை பிரியும் இடம் வரை உள்ளே தள்ளி, சிறுநீர் வந்த பிறகே பலூனை ஊதுங்கள். பாதியில் ஊதினால் சிறுநீர்ப் பாதை கிழியும்.

நோயாளியோடு இருப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

செயல்முறைக்கு முன்: திட உணவை எப்போது நிறுத்துவது, தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை வெறும் தண்ணீர் சரிதான். இரவு முழுக்க நா வறண்டு கிடக்க வேண்டியதில்லை. ரத்தம் உறையாமைக்கான மருந்து, சர்க்கரை மருந்து, ஒவ்வாமை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

பின்: நெஞ்சிலோ கழுத்திலோ ஊசி போட்டவருக்குத் திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு குத்தல். குடல் அறுவைக்குப் பின் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் நாடி வேகமாவது, வயிறு உப்புவது, காரணமில்லாத பதற்றம். காய்ச்சல் வராமலேயே குடலைத் தைத்த இடம் கசியலாம். ஒரு கால் மட்டும் வீங்குவது. தோள்பட்டை வலி. சிறுநீர் ஆறு மணி நேரமாக வராதது. இவற்றில் எதுவானாலும் "ஒரு மாதிரி இருக்கிறார்" என்று சொல்வதோடு நிற்காதீர்கள். நேற்று நாடி எவ்வளவு, இன்று எவ்வளவு என்று எண்ணோடு சொல்லுங்கள். வீட்டுக்குப் போகும்போது, இந்த அறிகுறி வந்தால் இரவில் எந்த எண்ணை அழைப்பது என்பதை டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.